பதினெட்டாம் தேதிக்கு மேல்: லெம்பா பந்தாயில் ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கு

சனிக்கிழமை டியூஷன் வகுப்பின் வருகைப் பதிவேட்டில்தான் இது ஆரம்பித்தது. கோலாலம்பூரின் லெம்பா பந்தாய் பக்கம் ஒரு பிபிஆர் (அரசின் மலிவு வாடகை வீடு) அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், கோயில்காரர்கள் கொடுத்த சின்ன மண்டபத்தில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்கள் நான்கு பேர் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். 2023 ஜூலைக் கடைசியில் பதிவேட்டைப் புரட்டியபோது மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவனின் வரிசை கண்ணில் பட்டது. மாதத்தின் முதல் சனிக்கிழமைகளில் தவறாமல் வந்திருக்கிறான். கடைசி இரண்டு சனிக்கிழமை வரவில்லை. பள்ளி திறந்த மார்ச்சிலிருந்து ஐந்து மாதமும் இதே கதை.

கேட்டால் "வயித்து வலி டீச்சர்" என்பான். பேர் பக்கத்தில் "அக்கறை இல்லை" என்று நானே சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். அந்த இரண்டு சொல்லை எழுதியதற்கு இன்றும் வருந்துகிறேன்.

ஜூலை 29, சனிக்கிழமை. வகுப்பு முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு லிஃப்டில் ஒன்றுதான் ஓடியது. பதினாலாவது மாடி. கதவைத் திறந்தவன் அவனேதான்; இடுப்பில் நாலு வயதுத் தங்கச்சி. அடுப்பில் மெகி கொதித்துக்கொண்டிருந்தது. பாட்டி மெத்தையில் படுத்திருந்தார், கண் பார்வை மங்கிவிட்டது. அப்பா கால் கட்டோடு கிளினிக் போயிருந்தார். அவன் அக்கா வீட்டில் இல்லை. அவன் அண்ணன் பந்து விளையாட. அம்மா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போயிருந்தார்.

"மாசக் கடைசியில அம்மா மண்டபத்துக்குப் போவாங்க. நான்தான் பாப்பாவப் பாத்துக்கணும்" என்றான். வயிற்று வலிக்கு அர்த்தம் அதுதான்.

அதற்குப் பிறகு 2024 ஜூலை வரை மாதம் ஒரு தடவையாவது அந்த வீட்டுக்குப் போனேன். 2023 ஆகஸ்ட் மாதம் முழுக்க, அந்த அம்மாவோடு உட்கார்ந்து, வந்த காசு போன காசு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினோம். அவருக்கு 38 வயது. நான் அக்கா என்று கூப்பிடுவேன். குடும்பத்தின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். காசுக் கணக்கில் கை வைக்கவில்லை.

பலகை வீட்டிலிருந்து பதினாலாவது மாடிக்கு

பாட்டி பிறந்தது சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடியற்காலை பெரட்டுக்கு (ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு)ப் போய், பால்மரம் வெட்டி, லயத்தில் வாழ்ந்தவர். 1980களில் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. அந்தக் காலத்தில் தீபகற்பம் முழுக்க இப்படித்தான் நடந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் பட்டணத்து ஓரங்களில், ரயில் பாதை அருகில், ஆற்றங்கரையில் பலகையும் ஜிங்குத் தகரமும் வைத்துக் குடியேறினார்கள். புறம்போக்கு வீடுகள் என்று சொல்வோம். பழைய கிள்ளான் சாலை, பங்சார், பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் என்று எங்கும் அவை இருந்தன.

1998-இல் மக்கள் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. அதன் மலாய்ச் சுருக்கம்தான் பிபிஆர். 2005-க்குள் புறம்போக்கு வீடே இருக்கக் கூடாது என்று இலக்கு வைத்தார்கள். பாட்டியின் பலகை வீடு இடிக்கப்பட்டது. அவர் பேரில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. மாதம் 124 ரிங்கிட். (இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறோம்; நானும் அப்படியே எழுதுகிறேன்.) மூன்று அறை, ஒரு கூடம், சமையலறை, குளியலறை. குழாயைத் திறந்தால் தண்ணீர், மழைக்கு ஒழுகாத கூரை. கோலாலம்பூரில் அந்த வாடகைக்கு வேறு எங்கும் வீடு கிடைக்காது. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் பாட்டி ஒன்று சொன்னார், அது என்னை விட்டுப் போகவில்லை. "கம்பத்துல (பலகை வீட்டுக் குடியிருப்பில்) காசு இல்லாட்டியும் ஒரு வாரம் ஓட்டலாம்மா. முருங்கை இருந்துச்சு, கோழி இருந்துச்சு, பின்னால மரவள்ளி. இங்க கதவைச் சாத்தினா செவுருதான்." உண்மைதான். பலகை வீட்டில் காசில்லாமல் கிடைத்த பலவும் மாடிக்கு வந்ததும் பில்லாகிவிட்டன. விறகு எரித்தவர்களுக்கு கேஸ் தோம்பு (சிலிண்டர்). முன்பு கூட ஓர் அறையைப் பலகை அடித்துச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே பிள்ளைகள் வளர வளர வீடு சுருங்குகிறது. ஒரு காலத்தில் அண்டை வீட்டுக்காரர் பிள்ளையை வாசலில் வைத்துப் பார்த்துக்கொள்வார். இங்கே பிள்ளையைக் கீழே விளையாட விடவே பயம். 2018 ஜனவரியில் பந்தாய் டாலாமில் இருக்கும் ஓர் அடுக்குமாடியில், மேலிருந்து விழுந்த நாற்காலி 15 வயதுத் தமிழ்ப் பையனின் உயிரைப் பறித்தது. இந்தப் பக்கத்து அம்மாக்கள் யாரும் அதை மறக்கவில்லை. கட்டடத்தை ஒட்டி நடக்கும்போது இன்றும் மேலே பார்த்துக்கொண்டேதான் நடக்கிறார்கள்.

ஏழு பேர். பாட்டியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஓர் அறையில். அப்பா அம்மா ஓர் அறையில். மூன்றாவது அறையில் மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கசிகிறது. அங்கே சாமான்தான் கிடக்கிறது. பையன்கள் கூடத்தில், தொலைக்காட்சிக்குக் கீழே. நடைபாதைக்கு வந்து பார்த்தால் பங்சார் சவுத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். கம்போங் கெரிஞ்சி பக்கம் முன்பு பலகை வீடுகள் நின்ற இடம் அது. அப்படி ஒரு கட்டடத்தில்தான் அக்கா காலையில் தரை துடைக்கிறார்.

கால் விரலும் 2,000 வெள்ளியும்

இந்தக் குடும்பம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. அண்ணன் (அக்காவின் கணவர், 44 வயது) லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் 11 ஆண்டு இருந்தவர். ட்ரிப் கணக்கில் கையில் காசு. நல்ல மாதத்தில் 1,800 கூட வரும். இரண்டு சம்பளத்தில் வீடு ஓடியது.

2021 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இரண்டு வேலையும் நின்றன. நாடு முழுக்க வெள்ளைக் கொடி கட்டி உதவி கேட்ட ஜூலை மாதம் அது. "பதினாலாவது மாடியில கட்டினா யாரு டீச்சர் பாப்பாங்க?" என்றார் அக்கா. கொடி கட்டவில்லை. அக்காவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பிலிருந்து அரசு அனுமதித்த எல்லாச் சிறப்புத் தவணைகளிலும் எடுத்தார்கள். 2022-இல் கணக்கில் மிச்சம் 200-சொச்சம் வெள்ளி.

அந்த ஆண்டு நவம்பரில் அண்ணனின் இடது கால் பெருவிரல் போனது. இனிப்பு நீர் (நீரிழிவு). ஷூவுக்குள் ஒரு கல் உறுத்தி, புண்ணாகி, வேலை போய்விடுமோ என்று மூன்று வாரம் காட்டாமல் இருந்து, பிறகு அரசு மருத்துவமனையில் எடுத்தார்கள். சிகிச்சைக்குச் செலவு அதிகம் ஆகவில்லை. அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். வீட்டை உடைத்தது அதற்குப் பிறகு வந்தது. லோரி முதலாளி அந்த 11 ஆண்டில் அவருக்கு சொக்சோவும் (தொழிலாளர் சமூகக் காப்பீடு) கட்டவில்லை, இபிஎஃபும் கட்டவில்லை. சம்பளச் சீட்டு என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சொக்சோவில் வேலையிட விபத்துக்கு மட்டும்தான் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். நோயால் உழைக்க முடியாமல் போனவருக்கும், தேவையான மாதங்கள் சந்தா கட்டியிருந்தால், இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. சந்தாவே இல்லாதவர் எதைக் கேட்பது? வேலையில் சேரும்போது "சொக்சோ கட்டுறீங்களா?" என்று கேட்க வேண்டும் என்பதுகூட அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

அவர் மருத்துவமனையில் கிடந்த அந்த இரண்டு வாரத்தில்தான் விளக்குக் கம்பத்து ஸ்டிக்கரில் இருந்த நம்பருக்கு அக்கா போன் போட்டார். பேச்சு 2,000 வெள்ளி. கையில் வந்தது 1,700. வாரம் 100 வட்டி, முதல் தனி. டிசம்பரிலிருந்து ஆகஸ்டு வரை 3,500-க்கு மேல் கட்டிவிட்டார். முதல் 2,000 அப்படியே நின்றது. ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) வாசலில் சிவப்புச் சாயம் அடிக்கவில்லை. ஏனென்றால் அக்கா ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அரிசி வாங்காமல் இருந்த வாரத்திலும் அந்த 100 போனது.

2023 ஆகஸ்டு

அக்காவின் அடிப்படைச் சம்பளம் 1,500 வெள்ளி. 2022 மே மாதத்திலிருந்து அப்போது அதுதான் குறைந்தபட்சச் சம்பளமாக இருந்தது. இபிஎஃப் 11 விழுக்காடு, சொக்சோ எல்லாம் பிடித்து 1,325 போல வரும். அந்த மாதம் ஓட்டி (கூடுதல் நேர வேலைக் காசு) 180 சேர்ந்து 1,505. ஏழாம் தேதி வங்கியில் விழுந்தது.

ஒன்பதாம் தேதிக்குள் போனவை: கீழே இருக்கும் மளிகைக் கடையில் போன மாதம் வாங்கிய கடன் 380. வாடகையும் பழைய பாக்கித் தவணையும் 174. மின்சாரமும் தண்ணீரும் 123. பெரியவளின் பள்ளி பஸ் 80. அக்காவின் மாதப் பயணப் பாஸ் 50. கேஸ் 27. அரிசி இரண்டு மூட்டை 52. மிச்சம் 619.

பதினெட்டாம் தேதிக்குள்: ஆலோங் இரண்டு வாரம் 200, சின்னவளின் பால்மாவு 110, பெட்ரோல் 60, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மீனும் காயும் 150, பிள்ளைகளின் பள்ளிச் செலவு 60. மிச்சம் 39.

அண்ணன் பழைய இரும்புக் கடையில் நாள் கூலி 50-க்கு எட்டு நாள் போனார். அந்த 400 ஐம்பது ஐம்பதாக வந்து அன்றைக்கன்றே கரைந்தது. பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு புண் மறுபடி திறந்துகொண்டது, வேலை இல்லை. கிள்ளானில் இருக்கும் பாட்டியின் இன்னொரு மகன் மாதம் 200 தருகிறார். அது பாட்டியின் மருந்து, பெம்பெர்ஸ் (டயப்பர்) போக மிச்சம் ஆலோங்கின் மீதி இரண்டு வாரத்தில் ஒரு பகுதிக்குப் போனது.

சரி, பதினெட்டாம் தேதி கையில் 39 வெள்ளி. அடுத்த சம்பளத்துக்கு இருபது நாள்.

இந்த இருபது நாளை எனக்குக் காட்டியது 555 புக்கு. மலேசியாவில் கடைக் கடன் என்றாலே கைக்கடக்கமான அந்தச் சின்ன நோட்டுதான். கடைக்கார பாய் நல்ல மனிதர். வட்டி கிடையாது, முகம் சுளிப்பதும் கிடையாது. அவர் கையெழுத்தில் ஆகஸ்டு மாதத்தை நான் வரி வரியாகப் படித்தேன். பதினெட்டு வரை "சீனி 1 கிலோ", "எண்ணெய் 1 பாக்கெட்", "முட்டை 10" என்று இருக்கிறது. அதற்குக் கீழே "சீனி 1 வெள்ளி", "வெங்காயம் 1 வெள்ளி", "முட்டை 3", "கிச்சாப் சின்னது". கிலோவில் வாங்கிய வீடு வெள்ளிக் கணக்கில் வாங்க ஆரம்பிக்கிறது. பாட்டிக்கு "பெம்பெர்ஸ் 2". பெரிய பையாக வாங்கினால் ஒன்று எவ்வளவு மலிவு என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். பையின் விலையை ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். டெலிபோன் டோப்-அப்பும் ஐந்து ஐந்து வெள்ளியாகத்தான். உதவித்தொகை விலையில் ஒரு கிலோ எண்ணெய்ப் பாக்கெட் 2.50. அது வரும் நாளில் கையில் காசு இருந்தால்தான் வாங்கலாம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அதுவும் தீர்ந்து, போத்தல் எண்ணெய்தான் இருக்கும். ஏழைகள் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பதை எங்கோ படித்திருந்தேன். அந்தப் புக்கில் வரி வரியாகப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஆகஸ்டு 23, புதன்கிழமை மாலை நான் அங்கே இருந்தேன். அக்கா வேலை முடிந்து வந்து, பை இறக்காமலே அடுப்பைப் பற்றவைத்தார். சார்டின் ஒரு டின். வெங்காயம் அரை, உருளைக்கிழங்கு நாலு. டின்னை உடைத்துச் சட்டியில் கொட்டினார். பிறகு காலி டின்னில் தண்ணீர் பிடித்து, விரலால் சுற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் ஊற்றினார். மறுபடி ஒரு டின் தண்ணீர். மீன் மூன்று துண்டு: ஒன்று அண்ணனுக்கு, ஒன்றைப் பிட்டுச் சின்னதுகள் இரண்டுக்கும், ஒன்று பாட்டிக்கு. பெரியவளும் அடுத்தவனும் குழம்பும் கிழங்கும். அக்கா தட்டில் சோறும் கிச்சாப்பும். "நீங்க பசியாறுங்க டீச்சர்" என்று எனக்கும் தட்டு எடுத்தார். சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மூன்றாம் ஆண்டுப் பையனின் கிளினிக் கார்டில் எடை 21 கிலோ. அவன் அண்ணன், படிவம் 1 படிக்கும் 13 வயதுக்காரன், 74 கிலோ. ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள். பெரியவன் பசியை மெகியிலும், சூசு (பால்) ஊற்றிய தேநீரிலும், சோற்றிலும் அடைக்கிறான். சின்னவனுக்குப் பள்ளி நாளில் ஆர்எம்டி என்ற இலவசப் பள்ளி உணவு கிடைக்கிறது. சனி ஞாயிறில் அதுவும் இல்லை. இது இந்த வீட்டுக்கு மட்டும் உள்ள விசித்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் 966 குடும்பங்களைக் கேட்டு யுனிசெஃப் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 23 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். வளராத பிள்ளையும் வீங்கிய பிள்ளையும் ஒரே நடைபாதையில் வளர்கிறார்கள்.

அப்புறம் செப்டம்பர் வந்தது. முதல் தேதியிலிருந்து இறக்குமதி வெள்ளை அரிசியின் மொத்த விலையை, அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200-க்கு உயர்த்தியது. பாய் கடையில் 26 வெள்ளி உள்நாட்டு அரிசி மறைந்தது. பத்துக் கிலோ 38 வெள்ளி. பதினெட்டாம் தேதி என்பது அந்த மாதம் பதினைந்துக்கு வந்துவிட்டது.

16 வெள்ளி பணக்காரர்கள்

ஆகஸ்டில் அந்த வீட்டுக்குள் வந்த மொத்தக் காசைக் கூட்டினேன். அக்கா 1,505. அண்ணன் 400. கிள்ளான் மகன் 200. பெரியவள் ஞாயிறுகளில் துணிக் கடையில் நின்றது 240. கல்யாண மண்டபத்தில் நான்கு நாள், நாளுக்கு 65, அக்கா பாத்திரம் கழுவியது 260. ஆக 2,605 வெள்ளி.

2022 கணக்குப்படி நாட்டின் சராசரி வறுமைக் கோட்டு வருமானம் 2,589 வெள்ளி. இந்த வீடு 16 வெள்ளி மேலே நிற்கிறது.

அந்தக் கோடு ஒவ்வொரு வீட்டின் ஆள் எண்ணிக்கை, வயது, இடம் பார்த்து மாறும்; ஏழு பேர் வீட்டுக்குக் கூடத்தான் வரும். ஆனால் கவுண்டரில், பேச்சில், உதவி மனுவைப் பார்க்கிறவர் மனதில் நிற்பது அந்த ஒரே எண்தான். 2020 வரை நிலைமை இன்னும் மோசம். பழைய கோடு 980 வெள்ளி. அந்தக் கோட்டை வைத்துத்தான் 2016-இல் நாட்டில் வறுமை 0.4 விழுக்காடு என்றார்கள். 2019 ஆகஸ்டில் ஐநா சபையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து, இந்த எண்ணை நம்ப முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு ஜூலையில் கோடு 2,208-க்கு மாற்றப்பட்டது. 2019-இன் வறுமை விகிதம் 5.6 விழுக்காடு என்று ஆனது. யாரும் ஒரே இரவில் ஏழையாகவில்லை. முன்பும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

கோடு உயர்ந்தது நல்லது. எனக்கு உறுத்துவது வேறு. இந்த வீடு எப்படிக் கோட்டைத் தாண்டியது என்று பாருங்கள். பெரியவளின் 240-ஐயும் மண்டபத்து 260-ஐயும் எடுத்துவிட்டால் 2,105. அந்த 500 வெள்ளிக்கு விலை கொடுத்தவர்கள் பிள்ளைகள்: ஒருத்தி ஞாயிறு முழுக்க நின்றுகொண்டே இருந்தாள், ஒருவன் சனிக்கிழமை வகுப்பை விட்டுவிட்டுத் தங்கச்சியைச் சுமந்தான். அரசாங்கத் தாளில் அது வருமானம். என் பதிவேட்டில் அது சிவப்பு மை. மாதத்துக்கு ஒரு தடவை கூட்டிப் பார்க்கிற கணக்கில் பதினெட்டாம் தேதியும் தெரிவதில்லை, சார்டின் டின்னை அலசிய தண்ணீரும் தெரிவதில்லை. 2,605-ஐ ஏழால் வகுத்து 31 நாளால் வகுத்தால் ஆளுக்கு நாளுக்கு 12 வெள்ளி. வாடகை, பஸ், பில், வட்டி எல்லாம் அதற்குள். இதே கோலாலம்பூரில் 2022-இல் நடுத்தரக் குடும்ப வருமானம், அதாவது சரி பாதிக் குடும்பங்கள் அதற்கு மேல் வாங்கும் தொகை, மாதம் 10,234 வெள்ளி.

என்ன செய்தோம்

முதலில் உதவி மனு. ஓர் அலுவலகத்தில் பாரம் நிரப்பிக் கொடுத்தோம். வருமானம் என்ற இடத்தில் நான்தான் 2,605 என்று எழுதச் சொன்னேன்; உண்மையைத்தானே எழுத வேண்டும் என்று. இரண்டு மாதம் கழித்து மறுப்பு வந்தது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற நலத்துறை அதிகாரி ஒருவர் பாரத்தைப் பார்த்துவிட்டு, "பள்ளிப் பிள்ளையோட ஞாயித்துக்கிழமை காசு நிரந்தர வருமானமாம்மா?" என்று கேட்டார். சுருக்கென்றது. அண்ணனின் மருத்துவர் கடிதத்தோடு, நிரந்தரமாக வருவது எது, எப்போதாவது வருவது எது என்று பிரித்து எழுதி மறுபடி கொடுத்தோம். 2024 மார்ச்சிலிருந்து பிள்ளைகள் பேரில் மாதம் 650 வருகிறது.

இரண்டாவது உணவுக் கூடை. கோயிலில் மாதாமாதம் முதல் ஞாயிறு முப்பது குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், சார்டின், மைலோ கொடுத்து வந்தார்கள், பல வருட வழக்கம். சம்பளம் வருகிற வாரத்தில் கூடையும் வந்தது. அதைப் பதினெட்டாம் தேதியை ஒட்டிய ஞாயிறுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். நிர்வாகத்தில் ஒரு பெரியவருக்குப் பிடிக்கவில்லை. கொடுக்கிறவர்கள் சம்பளம் வாங்கியதும்தான் கொடுப்பார்கள், பிறகு கை சுருங்கிவிடும் என்றார். அதில் நியாயம் இருந்தது. அதனால் காசை முதல் வாரமே வாங்கிச் சாமானைப் பிறகு கொடுப்பது என்று முடிவானது. அக்டோபரிலிருந்து அப்படித்தான். அதே கூடை, அதே செலவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதக் கடைசிச் சனிக்கிழமைகள் ஆறில் பையன் இரண்டில்தான் வரவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஆலோங் கடன் தீர்ந்ததுதான். ஜனவரியில் கிள்ளான் மகன் ஆயிரமும், கோயில் நிர்வாகம் வட்டியில்லாமல் ஆயிரமும் போட்டு, இரண்டு ஆண்கள் துணைக்குப் போய், முதலைக் கட்டி முடித்தார்கள். நான் போகவில்லை, பயமாக இருந்தது. வாரம் 100 நின்றதும் மாதம் 400 வீட்டிலேயே தங்கியது. கோயிலுக்கு மாதம் 100 திருப்பிக் கட்டுகிறார்கள். ஒரு வருடம் நாங்கள் கொடுத்திருக்கக்கூடிய எந்தக் கூடையும் அந்த 400-க்கு ஈடாகாது. குடும்பங்களுக்கு உதவ வருகிறவர்களிடம் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, "அரிசி இருக்கிறதா என்று கேட்டீர்களா?" என்பது கிடையாது. "வாரக் கடன் யாருக்குக் கட்டுகிறார்கள் என்று கேட்டீர்களா?" என்பதுதான். யாரும் முதல் நாளே சொல்ல மாட்டார்கள். அக்கா எனக்குச் சொல்ல ஐந்து வாரம் ஆனது.

நடக்காமல் போனவையும் உண்டு. அண்ணனின் 11 ஆண்டு சந்தா விஷயத்தில் முதலாளிமேல் புகார் கொடுக்கலாம் என்றோம். பழைய வேலையிடத்துப் பையன்கள் இரண்டு பேர் சாட்சி சொல்லத் தயார் என்றார்கள், பிறகு பின்வாங்கினார்கள். அவர்களுக்கும் அங்கேதான் பிழைப்பு. அண்ணனும் வேண்டாம் என்றுவிட்டார். 2024 மே மாதம் காலில் மறுபடி தொற்று, பத்து நாள் மருத்துவமனை. அந்த மாதம் மண்டபத்துக்கு அக்கா மூன்று நாள் போனார். பையன் இரண்டு சனிக்கிழமை வரவில்லை. இந்தத் தடவை பதிவேட்டில் காரணத்தை எழுதினேன்.

படிவம் 5-க்கு வந்துவிட்ட பெரியவள் ஞாயிறு வேலையை மார்ச்சில் விட்டாள். கணக்கியல் படிக்க வேண்டும் என்கிறாள். ஆகஸ்டு மாத நோட்டில் கூட்டல் தவறு இரண்டைக் கண்டுபிடித்தவளே அவள்தான்.

மிச்சம் நிற்கும் பெரிய கவலை வாடகைப் பத்திரம். வீடு பாட்டி பேரில் இருக்கிறது. அவருக்கு 79 வயது. பேர் மாற்ற வேண்டுமென்றால் முதலில் பழைய பாக்கி முழுவதும் தீர வேண்டும் என்று வாடகை அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் 1,140 வெள்ளி இருக்கிறது. மாதம் 50 வீதம் கட்டினால் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாட்டிக்கு இது தெரியும். கிளினிக்குக் கூட்டிப்போக நாங்கள் காடி (கார்) கொண்டுவந்த அன்று லிஃப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் காசு கட்டி முடியிற வரைக்கும் இருக்கணும்மா" என்றார்.

கடைசியாகப் போனது 2024 ஜூலை 27, சனிக்கிழமை, வகுப்பு முடிந்து, பையனோடு சேர்ந்து. அக்கா வீட்டில் இருந்தார். 555 புக்கு புதுசு. ஜூலை 22-க்கு நேரே பாய் எழுதியிருந்தார்: "சீனி 1 கிலோ, முட்டை 10." அதற்கு அடுத்த வரி, "பெம்பெர்ஸ் 2."